6 பேர், 35 நிமிடம்: எம்.பி.ஏ. சேர்க்கை கேள்வி–பதில்

எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கட்டுரைகள், குழு நேர்காணல் இரண்டையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை. பெரிய பதவியும் இல்லை, விருதும் இல்லை. 500 சொல்லில் கட்டுரை கேட்கிறார்கள். எதை எழுதுவது என்றே தெரியவில்லை.

விருது இல்லையே என்று மலைக்க வேண்டாம். கட்டுரையைப் படிப்பவர் கையில் உங்கள் ரெஸ்யூமே ஏற்கெனவே இருக்கிறது. அதில் உள்ளதையே வாக்கியங்களாக நீட்டி முழக்கினால் அவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ரெஸ்யூமேயால் சொல்ல முடியாத ஒன்று உண்டு: இரண்டு வழி இருந்தபோது எதைப் பிடித்தீர்கள், ஏன், அதற்காக எதை விட்டீர்கள் என்பது. சோதனைப் பிரிவில் இருப்பவரிடம் இதற்கா பஞ்சம்? ‘இதை வெளியே விடலாமா, கூடாதா’ என்பதுதானே உங்கள் அன்றாட வேலை.

எழுத உட்காரும் முன் 12 முதல் 15 சம்பவங்களைப் பட்டியல் போடுங்கள். அலுவலகத்தில் நடந்தவை மட்டும் என்றில்லை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: நிலைமை என்ன, என்னென்ன வழிகள் இருந்தன, நான் செய்தது என்ன, விட்டுக்கொடுத்தது என்ன, கடைசியில் என்ன மாறியது. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்தச் சம்பவத்தை அடித்துவிடலாம். எதையும் இழக்கத் தேவைப்படாத இடத்தில் நீங்கள் முடிவெடுக்கவில்லை, சொன்ன வேலையைச் செய்தீர்கள், அவ்வளவுதான். மூன்று நான்கு மிஞ்சும். அது போதும்.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

“என் தலைமைப் பண்பாலும் குழுவின் ஒத்துழைப்பாலும் சவாலான ஒரு திட்டத்தைக் குறித்த காலத்தில் வெற்றிகரமாக முடித்தேன்.”

இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதவும் செய்கிறார்கள். அதே சம்பவத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

“வெளியீட்டுக்கு 9 நாள் இருந்தது. 400 முறை பணம் செலுத்திப் பார்த்ததில் 3 முறை ஒரே தொகை இரண்டு தடவை கழிந்தது. ‘அபூர்வமாகத்தானே வருகிறது, அடுத்த பதிப்பில் பார்ப்போம்’ என்றார் மேலாளர். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. விற்பனைப் பிரிவு வாடிக்கையாளரிடம் தேதி சொல்லிவிட்டது. தேதியைத் தள்ளச் சொல்லி நான் வாதாடவில்லை. அந்த ஒரு வசதியை மட்டும் அணைத்துவிட்டு மற்றதை வெளியிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வசதியில் பாதிக்குமேல் நானே இரண்டு மாதம் உழைத்துச் சோதித்தது.”

இரண்டாவதில் ‘தலைமை’ என்ற சொல்லே இல்லை. நாள் இருக்கிறது, எண் இருக்கிறது, எதிராளியின் நியாயம் இருக்கிறது, எழுதியவர் இழந்ததும் இருக்கிறது. மேலாளரை வில்லனாக்காததையும் கவனியுங்கள். மேலாளரை மட்டம் தட்டி எழுதினால், நாளை வகுப்பில் பக்கத்தில் உட்காருபவரைப் பற்றியும் இவர் இப்படித்தானே பேசுவார் என்று படிப்பவருக்குத் தோன்றும்.

இன்னொன்று. மேற்கோளோடு தொடங்குவது பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். கட்டுரைக்கு அது வேண்டாம். பெரியவர் ஒருவரின் பொன்மொழிக்கு 25 சொல் கொடுத்தால், உங்களுக்கு உரிய இடத்தில் இருபதில் ஒரு பங்கு போயிற்று.

கேள்வி: எழுத ஆரம்பித்தால் 900 சொல்லுக்குப் போய்விடுகிறது. எப்படிக் குறைப்பது? சற்றுக் கூடினால் பாதகமா?

கூடக் கூடாது. சில படிவங்கள் அளவு தாண்டியதும் மீதியை வெட்டிவிடும். வெட்டாத படிவத்திலும், சொன்ன எல்லைக்குள் நிற்கத் தெரியாதவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

அளவுகள் சுருங்கிக்கொண்டே வருவதையும் பாருங்கள். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் 900 சொல் வரை ஒரே கட்டுரையாகக் கேட்டுவந்தது; 2024-ல் அதை 300, 250, 250 சொல் கொண்ட மூன்று சிறு கட்டுரைகளாக்கியது. எம்.ஐ.டி.யின் பிசினஸ் ஸ்கூலான ஸ்லோன் கேட்டுவருவது கட்டுரையே அல்ல, 300 சொல்லுக்குள் ஒரு முகப்புக் கடிதம் (கவர் லெட்டர்). ‘உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது எது, ஏன்?’ என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஸ்டான்ஃபோர்டு அதற்கு 650 சொல்லும், ‘ஏன் ஸ்டான்ஃபோர்டு’ என்பதற்கு 350 சொல்லும் பரிந்துரைத்திருக்கிறது. கேள்வியும் அளவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்; போன ஆண்டு நண்பர் எழுதியதைப் பார்த்து எழுத வேண்டாம்.

குறைக்கும் விதம்: 500 சொல் என்றால் 700 வரை எழுதுங்கள். 900 ஆகிறது என்றால் கட்டுரைக்குள் இரண்டு சம்பவம் புகுந்திருக்கும். ஒன்றை எடுத்துவிடுங்கள், வரிவரியாகச் சுரண்டிப் பயனில்லை. அடுத்து முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். பாதிப் பேருக்குக் கட்டுரை அங்கேதான் தொடங்கும். பிறகு பள்ளியை, அதாவது நீங்கள் விண்ணப்பிக்கும் பிசினஸ் ஸ்கூலை, புகழும் வரிகள். தங்கள் பெருமை அவர்களுக்குத் தெரியும். கடைசியாக, ‘இதிலிருந்து நான் கற்ற பாடம்’ என்று வருகிற பத்தி. சம்பவம் சரியாகச் சொல்லப்பட்டிருந்தால் அதில் முக்கால்வாசி தேவைப்படாது.

வெட்டி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். ஆங்கிலத்தில் 500 சொல்லை நிதானமாகப் படிக்க மூன்றரை முதல் நான்கு நிமிடம் ஆகும். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

கேள்வி: எப்போது தொடங்கினால் சரியாக இருக்கும்?

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் விண்ணப்பத்தின் முதல் சுற்று செப்டம்பரிலும் இரண்டாவது ஜனவரித் தொடக்கத்திலும் முடியும். கடைசி நாளுக்குப் பத்து வாரம் முன்பு தொடங்குங்கள். பட்டியலுக்கு இரண்டு வாரம், ஒரே ஒரு பள்ளிக்கான கட்டுரைகளுக்கு நான்கு வாரம், மற்ற பள்ளிகளுக்கு மூன்று வாரம், கடைசி வாரம் சும்மா இருக்கட்டும். ஐந்து பள்ளிக்கும் ஒரே நேரத்தில் தொடங்குபவர்தான், ஒரு பள்ளிக்கு அனுப்பும் கட்டுரையில் இன்னொரு பள்ளியின் பெயரை விட்டுவைப்பவர்.

பரிந்துரைக் கடிதம் தருபவரிடம் எட்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் பட்டியலிலிருந்து மூன்று சம்பவங்களை நினைவூட்டலாம், கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுக்கக் கூடாது. கட்டுரைக்கும் கடிதத்துக்கும் ஒரே நடை இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: ‘ஏன் எங்கள் பள்ளி?’ என்பதற்கு எல்லோரும் ஒன்றையேதானே எழுதுவார்கள்?

எழுதுகிறார்கள். அதனால்தான் ஒரு சோதனை வேண்டும். பள்ளியின் பெயரை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பாருங்கள். வாக்கியம் அப்படியே நின்றால் அதை நீக்குங்கள். ‘உலகத்தரம் வாய்ந்த பேராசிரியர்கள்’, ‘பன்முகப்பட்ட மாணவர்கள்’ எல்லாம் இதில் விழுந்துவிடும்.

நிற்க வேண்டியது இந்த வரிசை: எனக்கு வராத ஒன்று; அது வராததால் அலுவலகத்தில் நான் முட்டி நின்ற இடம்; அதைச் சொல்லித் தரும் குறிப்பிட்ட பாடமோ களப்பணியோ; அதில் சேர்ந்தால் சக மாணவருக்கு நான் தரக்கூடியது. கடைசிக் கண்ணியைத்தான் பலர் மறக்கிறார்கள். பாடத்தின் பெயரைப் போட்டால் அது இந்த ஆண்டும் நடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தோல்வி பற்றிய கட்டுரைக்கு எதை எடுப்பது? கல்லூரியில் இரண்டு பாடத்தில் தவறினேன், அதை எழுதலாமா?

அதற்கு விருப்பக் கட்டுரை (விரும்பினால் மட்டும் எழுதுவது) என்று தனிக் கட்டம் இருக்கும். அங்கே நான்கைந்து வரி போதும்: என்ன நடந்தது, பிறகு எப்படித் தேறினீர்கள். கெஞ்சல் வேண்டாம்.

தோல்விக் கட்டுரையில் உங்கள் கை இருக்க வேண்டும். சந்தை சரிந்தது, வாடிக்கையாளர் ஏமாற்றினார் என்பவை துரதிர்ஷ்டம். ‘அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை’ என்பது தோல்வியே அல்ல. அதைப் படித்துச் சலித்தவர்கள் சேர்க்கைக் குழுவினர். உங்களால் ஒருவருக்கு நட்டமோ சிரமமோ வந்த சம்பவத்தை எடுங்கள். நடந்தது கால் பங்கு, உங்கள் தவறு கால் பங்கு, அதன் பிறகு வேறுவிதமாக நடந்துகொண்ட இன்னொரு சம்பவம் பாதி. அந்த இரண்டாவது சம்பவம் இல்லாவிட்டால், ‘திருந்திவிட்டேன்’ என்பது வெறும் வாய்ப்பேச்சு.

கேள்வி: கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து மெருகேற்றலாமா?

முதலில் அந்தப் பள்ளியின் விதியைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். எழுத்துப் பிழை பார்ப்பது வேறு, எழுதச் சொல்வது வேறு. விதியை விட்டாலும் இன்னொரு சிக்கல்: மெருகேற்றும்போது முதலில் உதிர்வது ‘9 நாள்’, ‘3 முறை’ போன்ற மணிகள்தான். வழவழப்பு மிஞ்சும், ஆள் இருக்க மாட்டார். காணொளிக் கேள்வி வைக்கும் பள்ளிகளில் திரையில் கேள்வி வந்ததும் யோசிக்கச் சில விநாடியும் பேச ஒரு நிமிடமும்தான் கிடைக்கும். கட்டுரையில் எழுதியவரும் அங்கே பேசுபவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: அமெரிக்காவின் வார்ட்டன் பிசினஸ் ஸ்கூலில் குழு நேர்காணல் என்கிறார்கள். அது நம் வழக்கமான குரூப் டிஸ்கஷன்தானா? எப்படித் தயாராவது?

இரண்டும் ஒன்றல்ல. குழப்பிக்கொண்டால் கஷ்டம். வழக்கமான குரூப் டிஸ்கஷனில் (ஜி.டி.) எட்டுப் பத்துப் பேர், ஒரு தலைப்பு, 10 அல்லது 15 நிமிட விவாதம். கடைசியில் முடிவு வந்தாலும் வராவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. வார்ட்டன் 2012-ல் கொண்டுவந்த குழு நேர்காணலில் ஐந்தாறு விண்ணப்பதாரர்கள் சேர்ந்து 35 நிமிடத்துக்குள் ஒரு திட்டத்தை உருவாக்கி, அதை எடுத்தும் சொல்ல வேண்டும். தலைப்பு முன்கூட்டியே கையில் வந்துவிடும். தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம் தன் யோசனையைச் சொல்லலாம். முடிந்ததும் தனித்தனியாகச் சில நிமிட நேர்காணல் உண்டு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறு பேரின் தொடக்கப் பேச்சு 6 நிமிடம். கடைசியில் எடுத்துச் சொல்ல 5 நிமிடம். மிச்சம் 24. அதை ஆறால் வகுத்தால் உங்கள் பங்கு 4 நிமிடம். எட்டு நிமிடம் பேசுபவர் இன்னொருவரின் பங்கை முழுதாக எடுத்துக்கொள்கிறார், உட்கார்ந்து கவனித்து மதிப்பிடுபவர் அதைக் குறித்துக்கொள்கிறார்.

அந்த 24-ஐ இப்படிப் பிரிக்கலாம்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று பேச 3 நிமிடம், ஒரு யோசனையைத் தேர்ந்தெடுக்க 4, அதற்கு உருவம் கொடுக்க 14, யார் எதைச் சொல்வது என்று பிரிக்க 3. நேரம் பார்க்க ஒருவர் முன்வந்தால் நல்லது. ஆனால் நேரம் மட்டுமே பார்த்துக்கொண்டு கருத்துச் சொல்லாதவர் கடிகாரமாகவே நினைவில் நிற்பார்.

குழு எங்கே கவிழ்கிறது? பெரும்பாலும் 15-ஆவது நிமிடத்தில். அப்போதும் எந்த யோசனை என்றே முடிவாகியிருக்காது. யாரையும் புண்படுத்தக் கூடாது என்ற தயக்கத்தில் ஆறையும் சேர்த்துக் கூட்டாஞ்சோறு கிண்டப் பார்ப்பார்கள். நடப்பது இப்படி இருக்கும். மாதிரித் தலைப்பு: முதலாண்டு மாணவர்களுக்காக, அவர்கள் கற்றதை வெளியுலகில் பயன்படுத்த ஒரு நாள் நிகழ்ச்சி.

அ: “என் யோசனையில் சிறு நிறுவனங்களுக்கு நேரடி ஆலோசனை இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாமே.”

ஆ: “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னுடையதில் செலவு குறைவு.”

இ: “எல்லாவற்றிலும் உள்ள நல்லதை எடுத்து ஒன்றாக்கிவிடலாமா?”

ஈ: “சேர்ப்பதற்கு முன் ஒன்று பார்த்துவிடுவோமா? கேள்வியில் ஒரே நாள், முதலாண்டு மாணவர் என்று இரண்டு கட்டுப்பாடு இருக்கிறது. என்னுடையது மூன்று நாள் நிகழ்ச்சி, அது தானாகவே போய்விடுகிறது. ஆ சொன்னது இரண்டாமாண்டு மாணவருக்குத்தான் பொருந்தும் போலிருக்கிறது, சரிதானே? மற்றவற்றில் அ, உ இருவர் சொன்னவை மட்டும் நிற்கின்றன. உ, உங்கள் திட்டத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பங்கேற்க முடியும்?”

ஈ பேசியது அரை நிமிடம் இருக்கும். அதற்குள் கேள்வியைத் திருப்பிப் பிடித்தார், தன் யோசனையை முதலில் கைவிட்டார், ஆறை இரண்டாக்கினார், தொடக்கப் பேச்சுக்குப் பிறகு அதுவரை வாய் திறக்காத உ-வை உள்ளே இழுத்தார். தன் யோசனை தோற்றதால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. யாருடைய யோசனை வென்றது என்பதற்கு இங்கே தனி மதிப்பெண் கிடையாது. இ-யின் பேச்சு இனிமையானது, ஆனால் குழுவை ஓர் அடி நகர்த்தவில்லை.

கைதூக்கி வாக்கெடுப்பு நடத்துவது இன்னொரு பொறி. ஆறு பேர் ஆறு யோசனையோடு வந்திருக்கையில் ஆளுக்கொரு வாக்குத்தான் விழும். ‘உங்களுடையதைத் தவிர எது பிடித்தது?’ என்று கேட்டால் 40 விநாடியில் தெளிவாகிவிடும்.

தயாரிப்புக்கு: தொடக்கப் பேச்சை 50 விநாடிக்குள் அடக்குங்கள். ஆங்கிலத்தில் 110 முதல் 120 சொல். யோசனை ஒரு வாக்கியம், அது கேள்விக்குப் பொருந்தும் விதம் இரண்டு வாக்கியம், ஒரு நாள் எப்படி நடக்கும் என்று ஒரு காட்சி. மனப்பாடம் செய்தால் அதன்மேல் பிடிவாதமும் வந்துவிடும். குறிப்பாக மட்டும் வைத்திருங்கள். முன்பின் தெரியாத நான்கைந்து பேரோடு மூன்று முறையாவது ஒத்திகை பாருங்கள். நண்பர்களோடு பார்த்தால் எல்லாம் சுமுகமாகவே போகும், அதில் பயனில்லை. ஒரு முறை முழுவதையும் பதிவு செய்து, ஒவ்வொருவரும் பேசிய விநாடிகளைக் கூட்டுங்கள். உங்கள் எண்ணிக்கை உங்களுக்கே அதிர்ச்சி தரும்.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார், குரலும் மெதுவானது. ஜி.டி. மீன்சந்தை போல் ஆகிவிட்டால் எப்படி உள்ளே நுழைவது?

சந்தையில் கத்திப் பயனில்லை. விலையைச் சரியாகச் சொல்பவரிடம் கூட்டம் திரும்பும். இருவர் ஒரே புள்ளியில் மல்லுக்கட்டும்போது மூன்றாமவருக்கு இடம் கிடைக்கும். “இருவரும் செலவைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், ஒருவர் இந்த ஆண்டுச் செலவு, மற்றவர் ஐந்தாண்டுச் செலவு” என்று பிரித்துக் காட்டினால் குரல் எட்டாவிட்டாலும் அமைதி வரும். இது தானாக வராது. மற்றவர் பேசும்போது அடுத்து என்ன பேசலாம் என்று யோசிக்காமல், அவர் சொல்வதை இரண்டு மூன்று சொல்லில் குறித்துக்கொண்டே வர வேண்டும்.

15 நிமிட ஜி.டி.யில் 20 முதல் 40 விநாடி வரை நான்கைந்து முறை பேசினால் தாராளம். முதல் பேச்சு முதல் மூன்று நிமிடத்துக்குள் வந்துவிடட்டும். தள்ளிப்போடப் போடப் பயம் கூடும், சொல்ல வைத்திருந்ததை வேறொருவர் சொல்லியும் விடுவார். நுழையும்போது முன்பு பேசியவரின் பெயர், அவர் சொன்னதில் ஒன்று, பிறகு உங்கள் புதுச் சேர்க்கை. “ஐ அக்ரீ” என்று சொல்லி அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வது நுழைவு ஆகாது.

சக விண்ணப்பதாரரை ‘சார்’, ‘மேடம்’ என்று அழைக்காதீர்கள். நம் நாவில் ஊறிய மரியாதைதான், ஆனால் அங்கே அது உங்களை ஒரு படி கீழே உட்காரவைக்கும். பெயர் சொல்லுங்கள், மரியாதை நீங்கள் கேட்கும் விதத்தில் இருக்கட்டும். இலக்கணப் பிழைக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. அவசரத்தில் சொற்களை விழுங்குவதுதான் கெடுக்கும்.

கேள்வி: ஆன்லைனில் நடந்தால்?

ஒலி தாமதமாகப் போய்ச் சேரும், எனவே ஒருவர் முடித்ததும் ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள். திரையில் கட்டங்கள் இடம் மாறும். ஆறு பெயரையும் தாளில் எழுதி, அவரவர் சொன்னதைப் பெயருக்கு நேரே குறியுங்கள். தட்டச்சுச் சத்தம் வேண்டாம், பேனா போதும். ஆவணத்தைப் பகிரலாமா என்று முன்பே விதியைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: குழு முடிந்ததும் தனியே அழைத்து, ‘எப்படிப் போயிற்று என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பார்களாம். என் குழு சொதப்பியிருந்தால் என்ன சொல்வது?

சொதப்பியதைச் சொல்லுங்கள், கேட்பவர் அங்கேயே உட்கார்ந்து பார்த்தவர். ‘அருமையாகப் போயிற்று’ என்றால் உங்கள் கண்ணில்தான் கோளாறு என்று நினைப்பார். மற்றவரைக் குறை சொல்லவும் வேண்டாம். குழு திரும்பிய ஒரு தருணத்தை எடுங்கள், அதைச் செய்தவரின் பெயரைச் சொல்லுங்கள். பிறகு உங்களிடம் இருந்த ஒரு குறை: “தேர்வுக்கான அளவுகோலை நான் 12-ஆவது நிமிடத்தில்தான் கேட்டேன். 7-ஆவது நிமிடத்திலேயே கேட்டிருந்தால் செலவுக் கணக்குக்கு நேரம் கிடைத்திருக்கும்.” பெயரும் நிமிடமும் சொல்ல வேண்டுமென்றால் உள்ளே இருக்கும்போதே குறித்திருக்க வேண்டும். அந்தத் தாளை மடித்துக் கையோடு வைத்திருங்கள்.